இதய உறையில் திரும்பத் திரும்பச் சேர்ந்த நீரும் துளைவழி அறுவையும்

காரைக்குடியை அடுத்த எங்கள் ஊர் வீட்டில், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று பட்டாலைத் தூணில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே என் தாயார் உறங்கத் தொடங்கினார். இதய உறைக்குள் மூன்றாம் முறையாக நீர் சேர்ந்திருப்பதை எக்கோ காட்டியது. சாதாரணமாக அங்கே 50 மில்லிக்கு மேல் நீர் இராது; அவருக்கு முதல் முறை ஊசி வழியே எடுத்ததே 600 மில்லி.

மதுரையில் நாங்கள் சென்ற மருத்துவமனையின் நெஞ்சக அறுவை மருத்துவர் தாளில் படம் வரைந்தே விளக்கினார். இடப்பக்க விலா இடுக்குகளில் மூன்று சிறு துளைகள் இட்டு, ஒன்றில் கேமராவும் மற்றவற்றில் கருவிகளும் செலுத்தி, இதய உறையில் ஒரு துண்டை வெட்டிச் சன்னல் போலத் திறந்துவிட்டால், ஊறும் நீர் இதயத்தை நெருக்காமல் நுரையீரலைச் சுற்றியுள்ள வெளிக்கு வடிந்து அங்கே உறிஞ்சப்பட்டுவிடும். "வளவுத் தண்ணி வெளியே போக வழி விடுற மாதிரியா தம்பி?" என்று வீட்டு முற்றத்தை நினைத்து ஆத்தா கேட்க, அதேதான் என்றார். அறுவையின்போது இடப்பக்க நுரையீரலைச் சுருங்கவிட வேண்டியிருப்பதால், இரத்த அழுத்தம் நிலையில்லாதவர்களுக்கு இம்முறை ஒத்துவராது என்பதையும், அவர்களுக்கு மார்பெலும்பின் கீழ்முனையில் கீறிச் செய்வதுண்டு என்பதையும் நாங்கள் கேளாமலே சொன்னார். நான் மிகவும் மதித்தது இதைத்தான்.

துளை சிறியது என்பதால் வலியும் சிறியதென்று யாரும் எண்ண வேண்டாம். தையலைவிட, அறுவைக்குப் பின் நீர் வடிய நெஞ்சில் வைத்து ஒரு புட்டியோடு இணைத்திருந்த வடிகுழாய்தான் அவரைப் படுத்தியது. மூச்சுக்கு மூச்சு குழாயில் நீர் ஏறி இறங்கும். காலைதோறும் செவிலியர் புட்டியில் ஒட்டிய பிளாஸ்திரியில் கோடு போட்டு அளவு எழுதுவார். கோடுகள் நெருங்கி வர, நான்காம் நாள் குழாயை எடுத்தார்கள்.

குறையும் உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது தந்த குறிப்புத்தாள் முழுக்க ஆங்கிலம். குழாய் இருந்த புண்ணை எப்போது நனைக்கலாம் என்பதை ஊருக்கு வந்து மருந்துக் கடையில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். காப்பீட்டு ஒப்புதலுக்காக ஒரு பகல் முழுவதும் காத்திருந்தது தனிக்கதை.

சன்னல் நீரை வடிக்குமே தவிர, நீர் ஊறும் காரணத்தைத் தீர்க்காது. நம் நாட்டில் அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று காசநோய். ஊசியில் எடுத்த நீரில் இரண்டு முறையும் பிடிபடாத அந்நோய், வெட்டியெடுத்த துண்டின் திசுப் பரிசோதனையில் தெரிந்தது. இரண்டாம் ஊசியின்போதே அறுவை மருத்துவரைக் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆறு மாத மருந்தில் பாதி முடிந்திருக்கிறது. சென்ற வாரத்து எக்கோவில் மெல்லிய கோடளவு நீர் மட்டுமே இருந்தது, அடுத்தது தை பிறந்த பிறகு.