முப்பதுக்கு மேல் முதல் பைக்: ஸ்பிளெண்டருடன் சில ஆண்டுகள்

முதல் வண்டி வாங்கப் போகிறவர்கள் மைலேஜ் கேட்கிறார்கள், சிசி கேட்கிறார்கள், நிறம் கூடக் கேட்கிறார்கள். எடை எவ்வளவு என்று கேட்பவர்கள் அரிது. முப்பது வயதைத் தாண்டிய பிறகே கியர் வண்டி பழகிய நான், சில ஆண்டுகளாக ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் ஓட்டுகிறேன். புதிதாகப் பழகுபவருக்கு எடைதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆசைப்பட்டதென்னவோ ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்குத்தான். கூட வந்த சித்தப்பா, "ஓட்டிப் பார்ப்பதெல்லாம் அப்புறம். இன்ஜினை அணைத்துவிட்டுப் பின்னால் தள்ளிப் பார்" என்றார். ஷோரூம் வாசலில் இருந்த சிறிய ஏற்றத்தில் அரை அடி நகர்த்துவதற்குள் மூச்சு வாங்கியது. அதன் எடை 195 கிலோ; ஸ்பிளெண்டர் 112 கிலோ. இடையில் இருக்கும் 83 கிலோவில் வாட்டசாட்டமான ஓர் ஆளையே உட்கார வைத்துவிடலாம். அருமையான வண்டிதான். ஆனால் சிக்னலில் தடுமாறிச் சாயும்போது அதை ஒற்றைக் காலில் தாங்கிப் பிடிக்கப் பழகியவர் வேண்டும்.

எடை குறைவின் அருமை ரயில் நிலைய ஸ்டாண்டில்தான் முழுதாகப் புரியும். காலையில் தாராளமாக இடம் பார்த்து நிறுத்தியிருப்போம். மாலையில் வந்தால் நான்கு பக்கமும் வண்டிகள் நெருக்கியிருக்கும். ஹேண்டிலை ஒரு பக்கம் ஒடித்து, பின்னாலுள்ள கம்பியைப் பிடித்துப் பின்சக்கரத்தை ஒரு சாண் தூக்கி வைக்க வேண்டும். பிறகு முன்பக்கம் வந்து ஹேண்டிலை மறுபக்கம் ஒடிக்க வேண்டும். பக்கத்து வண்டியின் கண்ணாடியில் பிரேக் லீவர் மாட்டக் கூடாது. அப்போதுதான் வந்து நின்ற வண்டியின் சைலன்சரில் கால் பட்டுவிடவும் கூடாது. இதை யாருடைய உதவியும் இல்லாமல் செய்ய முடிகிற வண்டிதான் புதியவருக்கு ஏற்றது.

இருக்கை உயரம் 785 மி.மீ. என் உயரத்துக்கு இரண்டு பாதங்களும் முழுதாகத் தரையில் பதிகின்றன. யமஹா ஆர்15 போன்ற வண்டிகளில் இது 815 மி.மீ. மூன்று சென்டிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். பள்ளத்தில் கால் ஊன்றும்போது தெரியும். ஆர்டிஓ தேர்வில் எட்டு போடும்போதும் இந்த இலகுவான வண்டி மெதுவாக, அடம் பிடிக்காமல் வளைந்தது.

கியரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இதில் நான்கு கியரையும் முன்பக்கம் மிதித்தே ஏற்ற வேண்டும், குதிகாலால் பின்பக்கம் மிதித்தால் இறங்கும். 150 சிசிக்கு மேற்பட்ட வண்டிகள் பலவற்றில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றவை மேலே. இதில் பழகியவர் நண்பரின் வண்டியை வாங்கி ஓட்டினால், மூன்றாவதுக்குப் போக நினைத்து முதல் கியருக்கு இறக்கிவிட வாய்ப்புண்டு.

ஐ3எஸ் வசதியும் முதலில் குழப்பும். நியூட்ரலில் கிளட்சை விட்டு நின்றால் சில விநாடிகளில் இன்ஜின் தானாக அணையும்; கிளட்சைப் பிடித்தால் மீண்டும் உயிர் பெறும். அடிக்கடி வண்டியை ஆஃப் செய்துவிடும் புதியவருக்கு, இது தன் கைவரிசையா வண்டியின் வேலையா என்று பிடிபடக் கொஞ்ச நாளாகும்.

என்னிடம் இருப்பது இரு பக்கமும் டிரம் பிரேக் உள்ள வண்டி. 125 சிசி வரையிலான புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் சிபிஎஸ் அல்லது ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) கட்டாயமாக்கப்பட்டது. இதில் இருப்பது சிபிஎஸ்: பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். பதற்றத்தில் காலால் மட்டுமே பிரேக் பிடிக்கும் புதியவர்களுக்கு இது நல்ல துணை. ஏபிஎஸ் அளவுக்கு இதை நம்பிவிடக் கூடாது.

ஊருக்குள் நன்மையாக இருக்கும் அதே எடை நெடுஞ்சாலையில் தொல்லையாகிறது. வேலூரிலிருந்து சென்னை–பெங்களூரு சாலையில் ஏறினால், கன்டெய்னர் லாரி ஒன்று முந்திச் செல்லும்போது அதன் காற்று வண்டியை ஓரத்துக்குத் தள்ளும். எட்டு குதிரைத் திறன் இன்ஜின், 60 கி.மீ. வேகம் வரை நிம்மதி. அதற்கு மேல் போனால் கால் வைக்கும் இடத்திலேயே அதிர்வு தெரிகிறது.

செலவைப் பற்றிப் புகார் இல்லை. லிட்டருக்கு 60 கி.மீ.க்குக் குறைந்து நான் பார்த்ததில்லை, டேங்க் 9.8 லிட்டர். செயின் முழுவதும் மூடியிருப்பதால் புழுதி அவ்வளவாக ஏறுவதில்லை. ஆனால் கண்ணில் படாத காரணத்தாலேயே பலர் அதை மறந்துவிடுகிறார்கள். கவரில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றி, விரலால் செயினை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாலே தளர்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

தினமும் நெடுஞ்சாலையில் வெகுதூரம் போக வேண்டியவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் ஹோண்டா ஷைன் 125-ஐப் பார்க்கலாம்: ஐந்து கியர், கூடுதல் இழுவை, எடையோ ஏறக்குறைய இதே அளவுதான். அதையும் வாங்கும் முன் பின்னால் தள்ளிப் பாருங்கள்.