புல்லிங் டென்ஷன் எக்செல் ஷீட்: ஆறு வருஷம் பழகிய பிறகு

ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஃபேக்டரி வேலை. 4 கோர் (உள்ளே நாலு செம்புக் கம்பி), கோருக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் கன்ட்ரோல் கேபிளை மூணு பேர் ஐலசா போட்டு பைப்புக்குள் இழுத்தார்கள். கன்டினியூட்டி (கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்று மீட்டர் வைத்து) பார்த்தால் ஒரு கோர் செத்திருந்தது. உறையில் கீறல்கூட இல்லை; உள்ளே செம்பு அறுந்துவிட்டது. அந்த வாரமே, கேபிளை இழுக்கும்போது அதன்மேல் எவ்வளவு இழுவை (புல்லிங் டென்ஷன்) விழும் என்று கணக்கிட இந்த எக்செல் ஷீட்டைப் போட்டேன்.

கணக்கு பெரிய வித்தையில்லை. தாங்கக்கூடிய இழுவை வரம்பு செம்புக்கு சதுர மில்லிமீட்டருக்கு 50 நியூட்டன், அலுமினியத்துக்கு 30. எங்கள் கேபிளில் செம்பு மொத்தம் 10 சதுர மிமீ, ஆக 500 நியூட்டன், சுமார் 50 கிலோ. மூணு ஆள் சேர்ந்து இழுத்தால் இது ஒரு பொருட்டா? மூணரை கோர் 300 ஸ்கொயர் அலுமினிய கேபிள் பார்க்கத்தான் பயமுறுத்தும், அதன் வரம்பு டன் கணக்கில். சாவது சின்ன கேபிள்தான்.

நேர் பைப்பில் மீட்டருக்கான எடை, நீளம், உராய்வு எண் மூன்றையும் பெருக்கினால் போதும். 50 மீட்டருக்கு ஏழரை கிலோதான் வந்தது. பெண்டில் (பைப் வளைவில்) தான் வினை. உலர்ந்த பைப்புக்கு உராய்வு 0.5 என்று வைத்தால், ஒவ்வொரு 90 டிகிரி பெண்டும் அதுவரை சேர்ந்த இழுவையை 2.2 மடங்காக்கும். அந்த பைப்பில் இருந்த மூணு பெண்டும் இழுக்கும் பக்கம் இருந்ததால் ஏழரை 79 ஆகிவிட்டது. கேபிள் சுற்றியிருக்கும் டிரம்மை பெண்டு பக்கம் வைத்து மறுமுனையிலிருந்து இழுத்திருந்தால் 20 கிலோவுக்குள் முடிந்திருக்கும். அதே கேபிள், அதே பைப்! இந்த ஒரு விடைக்காகவே இன்றும் ஷீட்டைத் திறக்கிறேன். லூப்ரிகன்ட் தடவி 0.2 என்று போட்டால் பெண்டுக்கு 1.4 மடங்குதான்.

குறை இல்லாமலில்லை. உராய்வு எண் நம் யூகம். பைப்பில் மண் இருந்தால் கணக்கு போச்சு. அதனால் கயிற்றுக்கும் கேபிள் சாக்ஸுக்கும் (கேபிள் முனையைக் கவ்வும் வலை உறை) நடுவில் ஒரு தொங்கு தராசு மாட்டிவிடுவேன். இழுக்க ஆரம்பிக்கும் அந்த முதல் குலுக்கலில்தான் முள் எகிறும், அதைக் கவனிக்க ஒரு ஆள் வேண்டும்.

ரெண்டு வருஷம் டிரம் பக்க இழுவையை பூஜ்யம் என்றே வைத்திருந்தேன், அது என் தப்பு. டிரம் ஓடிவிடக் கூடாதென்று ஒரு பையன் 5 கிலோ அளவுக்குப் பிடித்திருந்தாலே, மூணு பெண்டு தாண்டும்போது அது மட்டும் 50 கிலோவைத் தாண்டிவிடும். இப்போது ஷீட்டில் அதற்கொரு கட்டம் உண்டு. சைட்டில் நான் அதிகம் போடும் சத்தமும் அதுதான்: "தம்பி, பிடிக்காதே, சுத்தி விடு!"