வடசேரி பக்கம் ஒரு நுரையீரல் பிசியோ சென்டர்: டெஸ்ட் அருமை, படிக்கட்டு கொடுமை

வீட்டில் யாருக்காவது சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு முட்டுகிற நாள்பட்ட நுரையீரல் நோய்) இருந்து, குழாயில் ஊதிப் பார்க்கிற ஸ்பைரோமெட்ரி மட்டும் எடுத்துவிட்டு இன்ஹேலரும் கையுமாக வந்துகொண்டிருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாகர்கோவில் வடசேரி பக்கம் இருக்கிற ஒரு சின்ன சென்டருக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனோம். அன்றாட வேலைகளை எவ்வளவு செய்ய முடிகிறது என்று செய்ய வைத்தே பார்க்கிறார்கள்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். மூச்சு முட்டுகிறவர்கள் வரும் இடத்தை முதல் மாடியில் வைத்திருக்கிறார்கள், லிஃப்ட் கிடையாது. பாதிப் படியில் நின்று, "மக்களே, இத ஏறத் தெரிஞ்சா நான் எதுக்கு இங்க வாறேன்?" என்று அம்மா கேட்டாள், நியாயம்தானே. மேலே போனதும் உடனே விரலில், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுகிற ஆக்சிமீட்டரை மாட்ட வந்தார்கள். கொஞ்ச நேரம் உட்காரட்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டியிருந்தது. நடை டெஸ்டுக்கு முன்னால் பத்து நிமிடமாவது உட்கார வைக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை.

அம்மா குலசேகரம்காரி. சிரட்டையும் கொதும்பும் காய்ந்த ஓலையும் போட்டு எரித்த அடுப்பில் காலம் பூரா வேலை செய்தவள். பீடி சிகரெட் தொடாத பெண்களுக்கும் இந்த நோய் வர இந்த அடுப்புப் புகை ஒரு பெரிய காரணம். ஆனால் எந்த டாக்டர் கேட்டாலும் "எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். மூச்சு முட்டுகிற வேலைகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டால் மூச்சு முட்டாதுதானே! கிணற்றில் தண்ணீர் கோருவதை விட்டாள், துணி காயப் போடுவதை விட்டாள், அப்புறம் கோயிலுக்குப் போவதும் நின்றது. கேள்வி கேட்டு மட்டும் மார்க் போட்டால் இது எதுவும் வெளியே வராது.

ஆறு நிமிட நடை டெஸ்ட் சுமார்தான். அதற்கு 30 மீட்டர் நேரான வராந்தா வேண்டும், இங்கே இருப்பது அதில் பாதிகூடத் தேறாது. அடிக்கடி திரும்ப வேண்டியிருப்பதால் நடக்கிற தூரம் குறைந்துவிடும், அதனால் அந்த எண்ணை வேறு இடத்தில் எடுத்த எண்ணோடு ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள்.

அடுத்து வைத்த டெஸ்டுக்குத்தான் நான் முழு மார்க் போடுவேன். கிளிட்ரே டெஸ்ட் என்று பெயர், நார்வேயில் உருவாகி 2006-இல் வெளிவந்தது. முதுகில் ஒரு பை, பெண்களுக்கு 2.5 கிலோ, ஆண்களுக்கு 5 கிலோ. நாற்காலியிலிருந்து எழுந்து 10 மீட்டர் நடக்க வேண்டும், நடுவில் இரண்டு படி ஏறி இறங்க வேண்டும். அந்தப் பக்கம் ஒரு ஷெல்ஃபில் ஒவ்வொன்றும் ஒரு கிலோ எடையில் மூன்று பொருள் இருக்கும். தோள் உயரத் தட்டிலிருந்து இடுப்பு உயரத் தட்டுக்கு, அங்கிருந்து தரைக்கு, மறுபடி ஒவ்வொன்றாக மேலே. திரும்பி வந்து உட்கார்ந்தால் ஒரு சுற்று. இப்படி ஐந்து சுற்றை எவ்வளவு நேரத்தில் முடிக்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

நடக்கும்போதும் படியிலும் அம்மா சமாளித்துவிட்டாள். ஷெல்ஃப் முன்னால்தான் சிக்கியது. இரண்டாவது சுற்றில் மேல் தட்டுக்குக் கையைத் தூக்கியவள் பொருளை வைக்காமல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள், கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு வந்தது, மீட்டரில் 93 இருந்தது 87-க்கு இறங்கியது. கழுத்து, தோள் தசைகள்தான் இந்த நோய் உள்ளவர்களுக்கு மூச்சிழுக்கக் கூடமாட உதவுகின்றன, கையைத் தூக்கினால் அவை கையைத் தாங்கப் போய்விடும் என்று அந்தப் பிசியோ பெண் விளக்கினாள். தலை வாரும்போது அம்மா ஏன் பாதியில் சீப்பை வைத்துவிட்டு உட்காருகிறாள் என்பது அப்போதுதான் விளங்கியது. ஸ்பைரோமெட்ரி ரிப்போர்ட்டில் சீப்பு வராதே.

கேள்வித்தாள் ஒன்றும் உண்டு, லண்டனில் செய்த 15 கேள்விகள். நல்ல கேள்வித்தாள்தான், ஆனால் குளித்துத் துவட்டுவது எல்லோருக்கும் பொருந்தும், சாக்ஸ் போடுவதும் ஜன்னல் திரை துவைப்பதும் எங்கள் வீட்டில் எங்கே? "நான் இதைச் செய்வதே இல்லை" என்றால் பூஜ்யம், "எனக்காக வேறு ஒருவர் செய்கிறார்" என்றால் 5. இதில் மார்க் கூடக்கூட நிலைமை மோசம் என்று அர்த்தம். சாக்ஸ் போடாதவர்கள் அந்த இடத்தில் நலமாக இருப்பதுபோலத் தெரிவார்கள். அதேபோல் மருமகள் வந்தபின் மாமியார் வீடு பெருக்குவதை விட்டது நோயாலா, வழக்கத்தாலா? தாளுக்குத் தெரியாது. தரையில் குத்தவைத்து தேங்காய் திருவுவது, மரச்சீனி தோல் உரிப்பது பற்றியெல்லாம் அதில் ஒரு வரி இல்லை, பெருக்குவதைக்கூட முற்றத்தைக் குனிந்து பெருக்குவது என்று கேட்பதில்லை. இதைச் சொன்னபோது பிசியோ பெண் கோபப்படாமல் ஒரு முக்காலியைப் போட்டு அம்மாவைக் குனிந்து பெருக்கச் சொல்லிப் பார்த்தாள். மார்க் கணக்கில் சேராவிட்டாலும் எங்களுக்கு அதுதான் உபயோகப்பட்டது.

முடிவில் கொடுத்த யோசனைகள் எல்லாம் காசில்லாமல் செய்யக்கூடியவை. அரிசி, பருப்பு டப்பாக்களை இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள், தலை வாரும்போது முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொள்ளுங்கள், பொருளைத் தூக்கும் நேரத்தில் உதட்டைக் குவித்து மூச்சை வெளியே விடுங்கள், குளிக்க ஒரு ஸ்டூல் போடுங்கள். அம்மா ஸ்டூலுக்கு மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை.

கட்டணம் ஆயிரத்துக்குள் முடிந்தது, ரிப்போர்ட் கையோடு கிடைக்கிறது. ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன், குறைத்த ஒன்று அந்தப் படிக்கட்டுக்கு. காலையில் போங்கள், வழக்கமான இன்ஹேலரை எடுத்துக்கொண்டு போங்கள், விரலில் நெயில்பாலிஷ் இருந்தால் அழித்துவிடுங்கள், மீட்டர் தப்புக் காட்டும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள் இதய டாக்டரிடம் கேட்காமல் இந்த டெஸ்டுக்குப் போக வேண்டாம்.