எட்டு சனிக்கிழமை, 180 வெள்ளி: மிஷன் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடத்தியவர்களின் பெயரை எழுதப் போவதில்லை. குறை சொல்லப் போகிறேன், அவர்களில் பாதிப் பேர் முகத்தில் நான் மறுபடி விழிக்க வேண்டும். வெளிநாட்டுக் கிராமங்களில் கிறிஸ்தவச் சபைகளை நடத்தும் மூப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறவர்களுக்காக, சிங்கப்பூரில் ஒரு தமிழ் வகுப்பு. எட்டு சனிக்கிழமை, மதியம் 3 முதல் 6 வரை. ஏர்கான் கொலைக் குளிர், ஸ்வெட்டர் கொண்டு போங்கள்.

நான் ஏன் போனேன் என்றால், எங்கள் சபையிலிருந்து வருடா வருடம் ஒரு குழு கம்போடியா போகும். நாலு நாள், பாட்டு, பலூன், அரிசி மூட்டை, குரூப் போட்டோ, அப்புறம் விமானம். மூன்றாவது தடவை போனபோது, முந்தின வருடம் பார்த்த அதே வீட்டுச் சபை அதே இடத்திலேயே நின்றிருந்தது. நாங்கள் வந்தால்தான் அவர்களுக்குக் கூட்டம் என்று பழகிப்போயிருந்தது. அது உறுத்திக்கொண்டே இருந்தது.

முதல் இரண்டு வாரம் வரலாறு. கண்ணை மூடலாம் என்று உட்கார்ந்தவன் மூடவில்லை. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியதும், 1715க்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதும் ஞாயிறு பள்ளியிலேயே படித்ததுதான். இங்கே கேட்ட கேள்வி வேறு: ஒரு தமிழருக்குக் குருப்பட்டம் கொடுக்க அந்த மிஷனுக்கு எத்தனை வருடம் ஆனது? ஆரோனுக்குக் கொடுத்தது 1733இல். 27 வருடம். சீகன்பால்க் இறந்தே 14 வருடம் ஆகியிருந்தது. "புத்தகத்தைச் சீக்கிரம் கையில குடுத்துட்டாங்க, பிரசங்க மேடையைத்தான் லேட்டாக் குடுத்தாங்க" என்று பக்கத்தில் இருந்த அக்கா முணுமுணுத்தார்.

அதற்கு நேர்மாறாக 1903. திருநெல்வேலிக்காரர்களே இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, தெலுங்கு நாட்டில் டோர்னக்கல் பக்கம் ஆள் அனுப்பினார்கள். அதற்கு முன்னின்ற அசரியா 1912இல் அங்கேயே பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். என் தாத்தா தமிழ்நாட்டு நாசரேத் பக்கம் உபதேசியார். பாட்டி உலை வைக்கும் முன் சங்கத்துக்கென்று ஒரு பிடி அரிசி தனிப் பானையில் போடுவார். அது எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. நம்ம சிங்கப்பூர் மெத்தடிஸ்ட் சபையும் அப்படித்தான், பெங்களூரில் பிறந்த ஓல்டம் என்ற மிஷனரி 1885இல் வந்து தொடங்கியது, 1991இல் தனக்கென்றே ஒரு மிஷன் சங்கம் வைத்துக்கொண்டு கம்போடியா, நேபாளம் என்று ஆள் அனுப்ப ஆரம்பித்தது.

மூன்றாவது வாரம் குவாத்தமாலா. 1963 வாக்கில் அங்கே ஒரு பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி, நிலத்தையும் குடும்பத்தையும் விட்டுவிட்டு வர முடியாத மூப்பர்களிடம் பாடத்தையே கொண்டுபோனது. வீட்டில் தானே படிக்கும் புத்தகம், வாரம் ஒரு சந்திப்பு, நடுவில் சொந்தச் சபையில் ஊழியம். உலகம் முழுக்கப் பரவிய முறை. சரி, கேட்க நன்றாக இருக்கிறது, செய்வது எப்படி?

அதற்கு நாலாவது வாரம் வந்தார் ஒரு அண்ணன், கம்போடியாவில் பல வருடம் இருந்தவர். வந்ததும் எங்கள் அச்சடித்த குறிப்புகளை எல்லாம் வாங்கிக் கட்டி நாற்காலிக்கு அடியில் வைத்தார். "கரண்ட் இல்ல. ரெண்டு மூப்பருக்குப் படிக்கத் தெரியாது. இப்ப காணாமப்போன ஆட்டைப் பத்திப் பாடம் எடுங்க." நான் எழுந்து பன்னிரண்டு நிமிடம் பொழிந்தேன், நடுவில் கிரேக்கச் சொல் ஒன்றுகூடச் சேர்த்தேன். முடித்ததும் எதிரே மூப்பராக உட்கார்ந்திருந்த தம்பியிடம் திருப்பிச் சொல்லச் சொன்னார். அவன் யோசித்துவிட்டு, "ஆடு காணாமப் போச்சு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. "அடுத்த ஞாயிறு இவர்தான் இதைச் சபையில சொல்லணும். என்னத்தைச் சொல்வார்?" அந்த ஒரு மணி நேரத்துக்கே 180 வெள்ளி தகும்.

இனி குறைகள். பாடப்புத்தகம் ஆங்கிலத்திலிருந்து யாரோ அவசரமாகப் பெயர்த்தது. 'ஃபீல்டு' வரும் இடமெல்லாம் வயல். "வயலுக்குப் புறப்படும் முன் விசா, தடுப்பூசி சரிபார்க்கவும்" என்று ஒரு வரி, நாங்கள் எட்டு வாரமும் அதைச் சொல்லியே சிரித்தோம்.

பணத்தைப் பற்றி இருபது நிமிடம்கூடப் பேசவில்லை. உள்ளூர்ப் போதகரின் சம்பளம் சிங்கப்பூரிலிருந்து போனால் அவர் யார் பேச்சைக் கேட்பார்? தன்னைத் தானே தாங்கும் சபை என்று பலகையில் எழுதினார்கள், எப்படி என்று சொல்லவில்லை. பிடி அரிசிக் கதையை நான்தான் எடுத்துச் சொன்னேன், "நல்ல சாட்சி பிரதர்" என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள்.

இதைவிடப் பெரியது சட்டம். நேபாளத்தில் 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி ஒருவரை மதம் மாற்றினால் ஐந்து வருடம் வரை சிறை. நாம் விமானம் ஏறிவிடுவோம், நாம் பயிற்சி கொடுத்தவர் அங்கேயேதான் இருப்பார். அவருடைய படத்தை முகநூலில் போடலாமா என்பதற்குக்கூட ஒரு பாடம் இல்லை.

கடைசி சனிக்கிழமை முழுக்க நாங்களே நடத்துவதாகத் திட்டம். முதல் ஆள் பேச ஆரம்பித்து ஆறாவது நிமிடம், பொறுப்பாளர் "ஒரு சின்ன விளக்கம்" என்று மைக்கை வாங்கினார். 5:40க்குத்தான் திருப்பிக் கொடுத்தார்.

போகலாமா? கம்போடியா அண்ணன் வருகிறாரா என்று முதலில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். இடைவேளையில் தே தாரிக் டீயும் மசால் வடையும் உண்டு, முன் வரிசையில் உட்கார்ந்தால் வடை கிடைக்காது.