திரையா, ஜெல்லா, சொந்த இரத்தமா?

திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் என் சின்னம்மாவின் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆடத் தொடங்கியதும், "பிடுங்கிப்போடு" என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். பல் வைத்தியர் மட்டும் எக்ஸ்ரேயைக் காட்டி, "எலும்பு பரவலாகத் தேயவில்லை, வேரோரமாகக் கிணறுபோல் ஒரே இடத்தில் குழிந்திருக்கிறது. வளர்த்துப் பார்க்கலாம்" என்றார். வளர்க்கத் திரை, ஜெல், சொந்த இரத்தம் என்று மூன்று வழிகளும் சொன்னார். அவற்றைக் கிண்டிப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

பல்லை எலும்போடு பிணைப்பது ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் அகலமுள்ள நார்ப்படலம். முரசு (ஈறு) நோய் முற்றினால் அந்த நாரும், வேரைப் போர்த்திய சிமெந்துப் படையும், எலும்பும் சேர்ந்தே அழிகின்றன. சுத்தம் செய்து தைத்தால் புண் ஆறும்; ஆனால் வேகமாக வளரும் மேல்தோல் செல்கள் வேரோரமாக இறங்கி இடத்தைப் பிடித்துவிடும். நார்ப்படலச் செல்கள் மெதுவாக வந்து சேரும்போது காணி கைமாறியிருக்கும். காணிச் சண்டை தெரிந்த திருகோணமலைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வேரில் எந்தச் செல் குடியேறுகிறதோ அதுவே ஆறும் விதத்தைத் தீர்மானிக்கும் என்று ஆய்வாளர் மெல்ச்சர் 1976இல் எழுதினார். மூன்று வழிகளும் அந்தக் குடியேற்றத்தோடு மல்லுக்கட்டுபவைதான்.

திரை என்பது வெறும் வேலி. முரசுக்கும் வேருக்கும் நடுவே வைத்து மேல்தோலை மறிக்கிறார்கள். 1982இல் ஆய்வாளர் நைமன் குழுவினர் மனிதப் பல்லில் இதைச் செய்துகாட்டினார்கள். பழைய திரைகள் கரையாதவை. சில வாரங்களில் மறுபடி வெட்டி எடுக்க வேண்டும். இப்போதைய, கொலாஜன் என்ற புரதத்தாலான திரை தானே கரைகிறது. ஆனாலும் முரசு விலகித் திரை வெளியே தெரிந்தால் கிருமி புகும்.

ஜெல் மறிப்பதில்லை, தூண்டுகிறது. எம்டோகெயின் என்ற ஜெல்லில் இருப்பவை பன்றிக் குட்டிகளின் முளைக்கும் பற்களிலிருந்து பிரித்த எனாமல் புரதங்கள். பல் முதன்முதலில் உருவாகும்போது சிமெந்துப் படை பிறக்க அந்தப் புரதங்கள் உதவுகின்றன என்ற கருத்தில்தான் சுவீடனில் இதை உருவாக்கினார்கள். வெறும் அறுவையோடு ஒப்பிட்டால் வேரோடு திசுவின் பற்றுதல் சராசரியாக ஒரு மில்லிமீற்றர் அளவு கூடுகிறது. கேட்க அற்பமாக இருக்கலாம். ஆடும் பல்லுக்கு அது அற்பமல்ல. திரையோடு ஒப்பிட்டால் பலனில் பெரிய வேறுபாடு இல்லை, சிக்கல்கள் குறைவு. ஆகவே சான்றை மட்டும் பார்த்தால் என் வாக்கு ஜெல்லுக்கே. ஒரு குறை: குழி அகலமானால் ஜெல் தாங்காது, முரசு உள்ளே சரியும். அதற்காக மாட்டெலும்புத் துகளைக் கலப்பதும் உண்டு.

இங்கேதான் ஊர் குறுக்கே வருகிறது. முஸ்லிம்கள் நிறைந்த கிண்ணியாவிலிருந்து வருபவரிடம் பன்றியைச் சொல்லாமல் ஜெல்லை வைப்பது நியாயமா? வெள்ளி தவறாமல் கோணேசர் கோயிலுக்குப் போகும் சின்னம்மாவிடம் மாட்டெலும்பை மறைக்கலாமா? கொலாஜன் திரைகளிலும் பல பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ வருபவை. எங்கள் வைத்தியர் கேட்காமலே சொன்னார். சொல்லாவிட்டால் நோயாளியே கேட்டுவிட வேண்டும்.

மூன்றாவது வழியில் அந்தச் சங்கடமே இல்லை. கையிலிருந்து எடுத்த இரத்தத்தை, உறையாமல் தடுக்கும் மருந்து சேர்க்காமல், உடனே இயந்திரத்தில் சுழற்றினால் நடுவில், இரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் என்ற புரதம் வழுவழுப்பான கட்டியாகத் திரள்கிறது. 2001இல் பிரான்சின் வைத்தியர் ஷுக்ரூன் அறிமுகப்படுத்தியது. செல்களை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளை அது பல நாட்களுக்கு மெல்லக் கசியவிடுகிறது. விலையும் குறைவு. எலும்புக் குழி நிரம்புவதற்குச் சான்று உண்டு. ஆனால் புதிய சிமெந்தும் நாரும் உண்மையிலேயே வளர்ந்தன என்பதற்கான நுண்ணோக்கிச் சான்றில் ஜெல்லுக்குப் பின்னால்தான் நிற்கிறது.

பரவலாக எலும்பு தேய்ந்தவருக்கு மூன்றாலும் பெரிய பயனில்லை. புகைப்பவருக்கும் பலன் குறையும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சின்னம்மா, "என் இரத்தம்தானே, அதற்கும் காசா?" என்றார். பிறகு அதற்கே சம்மதித்தார். வைத்தியர் சொன்னபடி வெற்றிலைப் பெட்டியையும் என்னிடம் ஒப்படைத்தார். பஸ்ஸில் ஏறித் திறந்து பார்த்தேன். வெற்றிலை இருந்தது, பாக்கு இருந்தது. புகையிலையைக் காணவில்லை.