சதுரம் சதுரமாகவா, ஒரே விரிப்பாகவா?

கயிறு முறுக்கினாற்போல் தெரியும் கேபிள் பின்னலில் உல்லன் போர்வை போட வழி இரண்டு: சதுரங்களாகப் பின்னித் தைப்பது, அல்லது வட்ட ஊசியில் (வளையும் கம்பியால் இணைத்த இரண்டு ஊசிகளில்) ஒரே விரிப்பாகப் பின்னுவது.

ஒரே விரிப்பில் தையல் வேலை கிடையாது. அதன் பெருமை அவ்வளவுதான். பாதியைத் தாண்டினால் மடி கனக்கும். கிருஷ்ணகிரி ஏப்ரலில் உல்லனை மடியில் போட்டு உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

சதுரம் கைப்பையில் அடங்கும். தர்மபுரி பஸ்ஸில் ஆறேழு வரிசை ஓட்டிவிடலாம். இரண்டு கண்ணிகளை (ஊசியிலுள்ள நூல் வளையங்களை)த் துணை ஊசியில் எடுத்து முன்னால் நிறுத்தினால் முறுக்கு இடப்பக்கம் சாயும், பின்னால் நிறுத்தினால் வலப்பக்கம். பஸ் குலுங்கியதில் ஒருமுறை மாற்றிப் போட்டுவிட்டேன். பிரித்தது அந்த ஒரு சதுரத்தை மட்டும்தான்.

சிக்கலும் உண்டு. முறுக்கு துணியை உள்ளே இழுக்கும். வெற்றுப் பின்னல் சதுரத்தைவிடக் கேபிள் சதுரத்துக்குக் கண்ணி கூட்டாவிட்டால் ஓரங்கள் பொருந்தாது. நனைத்து, குண்டூசி குத்தி, ஒரே அளவில் உலர்த்திய பிறகே தைக்க வேண்டும்.

அப்புறம் நிறம். அடுத்த வருஷம் வாங்கும் நூலில் சாயம் சற்று மாறியிருக்கும். விரிப்பில் அது கோடாகத் தெரியும். சதுரங்களைக் கலைத்து அடுக்கினால் கண்ணுக்குப் படாது.

மூன்று வருஷத்தில் என்னிடம் 22 சதுரம். ஓசூர் அக்கா ஒவ்வொரு மார்கழியிலும் “எப்போ வரும்?” என்று கேட்கிறாள்.