துப்பட்டா, கயிறு, கைவிலங்கு, வெல்க்ரோ: எதில் கட்டலாம்?

படுக்கையறை விளையாட்டில், இருவரும் ஒப்புக்கொண்டு துணையின் கையை எதை வைத்துக் கட்டலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எத்தனை வினாடியில் அவிழ்ப்பீர்கள் என்பதுதான். வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி வீடுகளில் இது முக்கியமான கேள்வி. ஒற்றை அறை, சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார், திடீரென்று கரண்ட் போனால் கும்மிருட்டு.

பலரும் துப்பட்டாவில்தான் ஆரம்பிக்கிறார்கள். செலவில்லை, பீரோவில் இருந்தாலும் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் பட்டும் ஷிஃபானும் பார்க்கத்தான் மெத்தென்று இருக்கும். இழுக்க இழுக்கச் சுருண்டு மெல்லிய நாடாவாகி மணிக்கட்டை அறுக்கும். முடிச்சும் கல்லாக இறுகிவிடும். துப்பட்டாதான் வேண்டும் என்றால் அகலமான பருத்தியாக எடுங்கள். சுருக்கு முடிச்சு மட்டும் எதிலும் வேண்டாம், அசைய அசைய இறுகும்.

கயிறு என்றதும் காசிமேட்டில் கிடைக்கும் நைலான் நினைவுக்கு வரும். அது படகுக்கும் வலைக்கும் சரி. தோலில் வேகமாக உரசினால் சூடுபட்ட மாதிரி எரியும், முடிச்சும் வழுக்கும். தேங்காய் நார்க்கயிறு பற்றிப் பேசவே வேண்டாம். 6 முதல் 8 மில்லிமீட்டர் பருமனுள்ள காட்டன் கயிறு நல்லது. இரண்டு மூன்று சுற்றுகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் பட்டையாக வர வேண்டும். அப்போது அழுத்தம் பரவும். சுற்றுக்குள் ஒரு விரலாவது தாராளமாக நுழைய வேண்டும். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் ஒரு தொல்லை உண்டு: வியர்வையில் நனைந்த காட்டன் உப்பி, முடிச்சு பிடித்துக்கொள்ளும். அதனால் கயிறு என்றால் கத்தரிக்கோலும் சேர்த்துத்தான். ஆம்புலன்ஸில் துணியை வெட்ட வைத்திருப்பார்களே, நுனி மழுங்கிய வகை, அதை சர்ஜிகல் கடையில் கேளுங்கள். ஒரு துண்டுக் கயிற்றை வெட்டிப் பார்த்துவிட்டு, கட்டுபவரின் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

கைவிலங்கை நான் சேர்க்கவே மாட்டேன். இரும்பு விளிம்பு கட்டைவிரல் பக்க நரம்பில் அழுத்தினால், புறங்கை வாரக்கணக்கில் மரத்துக் கிடக்கலாம். பூட்டு இறுகாமல் நிறுத்தும் வசதி இல்லாத மலிவு ரகம் அசையும்போதெல்லாம் இன்னும் இறுகும். இருட்டில் சாவியை யார் தேடுவது?

புதியவர்களுக்கு என் ஓட்டு பஞ்சு வைத்த அகலமான வெல்க்ரோ பட்டைக்கு. ஒரே இழுப்பில் வந்துவிடும். ‘சர்ர்ர்’ சத்தம்தான் மாமியார் காதுக்கு எட்டும். அதற்குப் பயந்தால் பக்கிள் வைத்தது வாங்கலாம், அவிழ்க்கச் சற்று நேரமாகும்.

எதில் கட்டினாலும் கழுத்துப் பக்கம் போகக்கூடாது. அக்குள், முழங்கையின் உட்புறம், மேல்கையின் வெளிப்புறம் மூன்றிலும் நரம்பு மேலாக ஓடுகிறது, அழுத்தாதீர்கள். கையைப் பின்னால் கட்டிக் குப்புறப் படுக்க வைத்தால் மூச்சு முட்டும். குடித்திருந்தால் அன்றைக்கு வேண்டாம். கட்டப்பட்டவரைத் தனியே விட்டு, காலிங்பெல் அடிக்கிறதே என்று கூடப் போகக்கூடாது.

விளையாட்டில் ‘வேண்டாம்’ என்பதைச் சும்மாவும் சொல்வார்கள் என்றால், சம்பந்தமே இல்லாத ஒரு சொல்லை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ‘காசிமேடு’ என்றால் நிறுத்து, அவ்வளவுதான், ஏன் என்ற கேள்வி அப்புறம். வாயையும் கட்டியிருந்தால் கையில் சாவிக்கொத்து கொடுத்து வையுங்கள், கீழே விழுந்தால் அதே அர்த்தம். ஒப்புக்கொண்டவர் பாதியில் மனம் மாறினாலும் அங்கேயே நிறுத்த வேண்டியதுதான்.

விரலின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நரம்பு நசுங்கும்போதும் நிறம் மாறாமல் இருக்கலாம். அவ்வப்போது விரலை மடக்கி நீட்டச் சொல்லுங்கள். குத்தல், மரத்துப்போதல், மணிக்கட்டைத் தூக்க முடியாமை எது வந்தாலும் உடனே அவிழ்த்துவிடுங்கள். அவிழ்த்த பிறகும் பலம் திரும்பவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். மாடிப்படியில் விழுந்தேன் என்று கதை விடாமல், கட்டியதால் வந்தது, இவ்வளவு நேரம் இருந்தது என்று நேராகச் சொல்லுங்கள்.